பாட்டு வகுப்பை நிறுத்திவிடலாமா?

சென்ற தியாகராஜ ஆராதனையன்று, நம் சங்க ஹாலில் சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருந்தபோது ஒரு பெண்மணி என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கணவருக்கு வங்கியில் வேலை. மூன்று வருடங்களுக்கு முன் கோவையிலிருந்து மாற்றலாகி இங்கே நாக்பூருக்கு வந்த குடும்பம்.

"சார், பொண்ணோட பாட்டு கிளாஸை நிறுத்திடலாமான்னு பார்க்கறோம். தினமும் பாடுன்னு சொன்னா சண்டைதான். இஷ்டமில்லாத குழந்தையை எதுக்குப் படுத்தணும்?" என்றார்.

"எத்தனை நாளாகக் கற்றுக்கொள்கிறாள்?"

"எட்டு மாசம் ஆச்சு. இன்னும் அந்த சரளி வரிசை, ஜண்டை வரிசையேதான்."

அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். பேச்சு அதோடு நின்றது. ஆனால் அவர் கேட்ட கேள்வி மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு விசாரித்துப் பார்த்தால், இன்னும் மூன்று நான்கு வீடுகளிலும் இதே சண்டை. நம் இதழாசிரியரிடம் சொன்னேன். "அதையே எழுதிக் கொடுங்களேன்" என்று என் தலையிலேயே கட்டிவிட்டார்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சங்கீதம் கற்றவன் அல்லன். கேட்பேன், அவ்வளவுதான். ஒரு குழந்தையின் பாட்டு எப்படி நின்று போகும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். காரணம், என் வீட்டில் அதை நிறுத்தியவன் நான்தான்.

என் வீட்டுக் கதை

திருச்சியில் சிவில் இன்ஜினியரிங் டிப்ளமா முடித்து, 1980இல் தென்கிழக்கு ரயில்வேயில் சேர்ந்தேன். தண்டவாளப் பராமரிப்புப் பிரிவு. பிலாஸ்பூர், சக்ரதர்பூர், மறுபடி பிலாஸ்பூர், கடைசியில் நாக்பூர் என்று 38 வருடங்கள் ஓடி, 2018இல் ஓய்வு பெற்றேன்.

என் பெண்ணுக்கு ஏழு வயதானபோது, 1992இல், பிலாஸ்பூர் ரயில்வே காலனியில் ஒரு மாமியிடம் பாட்டுக்குச் சேர்த்தோம். வாரத்தில் இரண்டு நாள். ஜமக்காளத்தில் நான்கைந்து குழந்தைகள் உட்கார்ந்து கோரஸாகப் பாடும். மூன்று வருடத்தில் வர்ணத்துக்கு வந்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், காபி டம்ளர் கீழே வைப்பதற்குள், "கண்ணா, ஒரு பாட்டுப் பாடு" என்பேன்.

1995 நவராத்திரியில் என் மேலதிகாரி குடும்பத்துடன் கொலு பார்க்க வந்தார். அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த மோகன ராக வர்ணத்தைப் பாடச் சொன்னேன். "அது இன்னும் சரியா வரலைப்பா" என்றாள். நான் கேட்கவில்லை. இரண்டாம் காலத்தில் தாளம் தப்பியது. நான் தொடையில் ஓங்கித் தட்டித் தாளம் போட்டு, "மறுபடி முதல்லேருந்து" என்றேன். அதே இடத்தில் மறுபடியும் நின்றாள். வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "வீட்டுல நல்லாத்தான் பாடுவா, ஆள் வந்தா மட்டும் இப்படி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு அவள் வகுப்புக்குப் போனாள், வீட்டில் பாடவில்லை. மறு வருடம் எனக்கு சக்ரதர்பூர் மாற்றல் வந்தது. அங்கே பாட்டு ஆசிரியர் யாரும் எனக்கு அகப்படவில்லை. "மாற்றலாலே பாட்டு நின்னு போச்சு" என்று எல்லோரிடமும் சொன்னேன். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நானே நம்பியும் விட்டேன்.

2022இல் புனேயில் இருக்கும் என் பேத்தியைப் பாட்டில் சேர்த்தார்கள். அன்று மகள் போன் செய்தாள். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "அப்பா, ஒண்ணே ஒண்ணு. அவளை யார் முன்னாடியும் பாடச் சொல்லாதீங்க" என்றாள். கோபமில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அந்தக் கொலு நினைவு வந்தது. அவளுக்கு அது மறந்திருக்கவே இல்லை.

இதற்குமேல் நான் எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகு நான்கு ஆசிரியர்களிடம் கேட்டும், பேத்தியுடன் உட்கார்ந்து பார்த்தும் தெரிந்துகொண்டது.

அந்தச் சரளி வரிசை எதற்கு?

குழந்தை அலுத்துக்கொள்வது இருக்கட்டும். பெற்றோருக்கே அடிப்படைப் பாடத்தின் பயன் தெரியாவிட்டால், முதலில் அலுத்துப்போவது அவர்கள்தான். "எப்போ பாட்டு சொல்லித் தருவாங்க?" என்று குழந்தையின் காதில் விழும்படி கேட்போம். அதோடு அந்தப் பாடத்தின் மதிப்புப் போயிற்று.

நம் கர்நாடக சங்கீதத்தின் பாட வரிசை 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசர் வகுத்தது என்பது மரபு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, ஏழு தாள அலங்காரங்கள், கீதம், ஸ்வரஜதி, வர்ணம், அப்புறம் கீர்த்தனை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சரளியில் ஸ்வரங்களின் இடம் பழகுகிறது. ஜண்டையில் ஒரே ஸ்வரத்தை இரண்டிரண்டாக அழுத்திப் பாடுவதால் குரலில் பலம் வருகிறது. தாட்டு வரிசையில் ஸ்வரங்களைத் தாண்டித் தாண்டிப் பாட வேண்டும். அலங்காரத்தில், நான்கு எண்ணிக்கை ஏக தாளத்திலிருந்து பதினான்கு எண்ணிக்கை துருவ தாளம் வரை கணக்குப் பிடிபடுகிறது.

இதற்கெல்லாம் எடுத்துக்கொண்ட ராகம் மாயாமாளவகௌளை, 72 மேளகர்த்தாக்களில் 15ஆவது. ஏன் அது? என் போன்ற இன்ஜினியருக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஹார்மோனியத்தில் கட்டைகளை எண்ணிப் பாருங்கள். ஸவிலிருந்து ரி ஒரு கட்டை தூரம். ரியிலிருந்து க மூன்று. கவிலிருந்து ம ஒன்று. மேல் பாதியில் பவிலிருந்து த ஒன்று. தவிலிருந்து நி மூன்று. நியிலிருந்து மேல் ஸ ஒன்று. கீழ்ப் பாதியும் மேல் பாதியும் ஒரே அளவு. கீழே பழகியதைக் குழந்தை மேலே அப்படியே பயன்படுத்தலாம். மிக நெருக்கமான தூரத்தையும், அகலமான தூரத்தையும் ஒரே ராகத்தில் பழகிவிடலாம். இதைச் சொல்லிக் காட்டியபோது பேத்தி தானே கீபோர்டில் எண்ணிப் பார்த்தாள்.

ஆகவே எட்டு மாதமாகச் சரளியும் ஜண்டையும் பாடுகிற குழந்தை பின்தங்கிவிடவில்லை. மூன்று மாதத்தில் கீர்த்தனைக்குத் தாவிய குழந்தைதான் பிறகு வர்ணத்தில் வந்து மாட்டிக்கொள்ளும்.

எந்த இடத்தில் நின்று போகிறது?

ஆசிரியர்களைக் கேட்டதில் நான்கு இடங்கள் தெரிந்தன. முதலாவது, சேர்ந்த நான்காம் மாதத்திலிருந்து பத்தாம் மாதம் வரை. புதுமை போய்விட்டது, பாட்டு இன்னும் வரவில்லை. இரண்டாவது, வர்ணம் தொடங்கும்போது. அதுவரை இரண்டு வாரத்தில் ஒரு பாடம் முடிந்துகொண்டிருந்தது. இப்போது ஒரே வர்ணம் இரண்டு மூன்று மாதம் போகிறது. தனக்குத் திறமை இல்லை என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. மூன்றாவது, பன்னிரண்டு வயதிலிருந்து பதினைந்து வரை. குரல் மாற்றமும் பொதுத்தேர்வும் அடுத்தடுத்து வருகிற காலம். நான்காவது, நம்மைப் போல ஊர் விட்டு ஊர் போகிறவர்களுக்கு மட்டும் உரியது: மாற்றல்.

இந்த நான்கும் எல்லாக் குழந்தைக்கும் வருகிறவை என்று முன்கூட்டியே தெரிந்தால், வரும்போது பெற்றோர் பதற மாட்டார்கள். "இவளுக்கு இஷ்டமில்லை" என்று நாம் முடிவு கட்டுவதில் பாதி, இந்த இடங்களில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும்.

தினமும் இருபது நிமிடம்

தண்டவாளத்தில் கீமேன் என்று ஒருவர் உண்டு. சுத்தியலும் சாவிகளும் தோளில் போட்டுக்கொண்டு, தன் பங்குக்கு உள்ள ஐந்தாறு கிலோமீட்டரைத் தினமும் நடந்து பார்ப்பார். போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது மற்றது. தளர்ந்த இடத்தில் இரண்டு தட்டு தட்டி இறுக்குவார். பார்க்கிறவர்களுக்கு அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் வாரம் முழுவதும் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் ஏழு தடவை நடந்தால் போதுமா என்று கேட்டால் எந்த ரயில்வேக்காரனும் சிரிப்பான்.

பாட்டும் அப்படித்தான். வகுப்புக்கு முந்தின நாள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாடுவதைவிட, தினமும் இருபது நிமிடம் பாடுவது நிற்கும். இடைவெளி விட்டுவிட்டுப் பழகியதுதான் நினைவில் தங்கும் என்பது மனநூலார் பலமுறை சோதித்து உறுதி செய்த விஷயம். 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய இரண்டு சகாக்களும் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே முன்னணியில் இருந்த மாணவர்கள் மற்றவர்களைவிடச் சிறு வயதிலிருந்தே தனியாக அதிக நேரம் பழகியவர்கள். அதையும் இடையிடையே ஓய்வு விட்டுப் பழகியவர்கள். பயிற்சி மட்டுமே எல்லாம் அல்ல என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் நம் கையில் இருப்பது பயிற்சி ஒன்றுதானே?

நேரத்தை "முடிந்தபோது" என்று வைக்காதீர்கள். பல் தேய்ப்பதுபோல ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டுங்கள். காலைப் பால் குடித்த பிறகு, அல்லது சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு என்றால், "பாடினியா?" என்று கேட்க வேண்டிய அவசியமே வராது. பெரும்பாலான வீடுகளில் சண்டை பாடுவதைப் பற்றி அல்ல; எப்போது பாடுவது என்பதைப் பற்றித்தான்.

அந்த இருபது நிமிடத்தில் என்ன செய்வது?

குழந்தையைத் தனி அறையில் விட்டு "பிராக்டிஸ் பண்ணு" என்றால், அது பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை இரண்டு தடவை பாடிவிட்டு எழுந்து வந்துவிடும். தெரிந்த இடம் இன்னும் நன்றாக வரும். தெரியாத இடம் அப்படியே இருக்கும். ஓர் இணைப்பு இறங்கிவிட்டது என்பதற்காக நாங்கள் ஒரு கிலோமீட்டர் பாதையைப் பெயர்ப்பதில்லை. இறங்கிய இடத்தில்தான் ஜல்லி இட்டுக் கெட்டிக்கிறோம். பேத்திக்கு அவள் ஆசிரியை வகுத்துக் கொடுத்த கணக்கு இது:

முதல் 2 நிமிடம்: சுருதிப் பெட்டியைப் போட்டு ஸ, ப, மேல் ஸ. சும்மா நின்று பாடுவது. பெட்டி இல்லாதவர்களுக்குக் கைபேசியிலேயே தம்புரா கிடைக்கிறது.

அடுத்த 5 நிமிடம்: பழைய வரிசை ஒன்று, முதலில் ஸ்வரமாக, பிறகு அகாரமாக.

அடுத்த 8 நிமிடம்: புதுப் பாடத்தில் தடுக்குகிற ஒரே ஒரு வரி. மெதுவாக, மூன்று தடவை தொடர்ந்து தப்பில்லாமல் வரும் வரை. வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும், வேகம் நாளைக்கு.

கடைசி 5 நிமிடம்: குழந்தைக்குப் பிடித்த பாட்டு. கீதமாக இருக்கட்டும், பஜனையாக இருக்கட்டும், சினிமாப் பாட்டாகவே இருக்கட்டும். சந்தோஷமாக எழுந்துபோக வேண்டும்.

பெற்றோருக்கு இதில் ஒரு வேலை உண்டு. பாடத் தெரியாவிட்டாலும் ஆதி தாளம் போடக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. மொத்தம் எட்டு. ஒரே மாலையில் வந்துவிடும். இரண்டாம் காலம், மூன்றாம் காலம் பாடும்போது பல குழந்தைகள் ஸ்வரத்தை இரட்டிப்பதற்குப் பதில் தாளத்தையே ஓட்டிவிடுகின்றன. நீங்கள் தாளத்தை மாறாமல் பிடித்தால் அந்தத் தப்பு தானே தெரிந்துவிடும். தட்டுவது மெல்லத் தட்டுங்கள். நான் தட்டியதுபோல ஓங்கி அல்ல.

வெளியூர்க் குழந்தைகளுக்கு ஒரு தனிச் சிரமம்

பள்ளியில் இந்தி, மராத்தி, ஆங்கிலம். பாட்டோ தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும். பாட்டு நோட்டோ தமிழில். தமிழே எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தைக்கு இது மூன்று சுமை. அதற்கு எந்த எழுத்து சரளமோ, அதில் எழுதிக்கொள்ள விடுங்கள். தேவநாகரியில் எழுதினால் க, ஹ, த, ப போன்ற எழுத்துகளின் உச்சரிப்பு வேறுபாடுகூடச் சரியாக வரும். பாட்டின் பொருளை ஒரு தடவையாவது சொல்லுங்கள். யாரைப் பற்றி, என்ன கேட்கிறார் என்று தெரியாமல் பாடுகிற குழந்தை சீக்கிரம் அலுத்துப்போகும்.

கூடவே ஆசிரியரிடம் தமிழ்ப் பாட்டு கேட்டு வாங்குங்கள். தேவாரம், திருப்பாவை, கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன், பாரதியார் என்று எவ்வளவோ இருக்கிறது. இங்கே பிறந்து வளர்கிற குழந்தைகளுக்கு ழகரமும் ளகரமும் வாயில் வருவதற்கு நாம் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். ஒரு திருப்பாவைப் பாசுரத்தை ராகத்தோடு பாடக் கற்ற குழந்தைக்கு அது தானே வருகிறது.

கர்நாடக சங்கீத ஆசிரியரே கிடைக்காத ஊராக இருந்தால்? ஹிந்துஸ்தானி கற்கட்டும். காது பழகும், சுருதி பழகும், தாளக் கணக்கு பழகும். நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான் அங்கே பிலாவல். மாயாமாளவகௌளையின் ஸ்வரங்கள்தான் அங்கே பைரவ். பிறகு இங்கே திரும்பினால் கமகம் புதிதாகப் பழக வேண்டும். ஆனால் கற்றது வீணாகாது. சக்ரதர்பூரில் எனக்கு இந்த யோசனையே வரவில்லை. வராமலிருந்தது வசதியாகவும் இருந்தது.

மாற்றல் வந்தால்

ரயில்வேயில் ஒருவர் மாறிப் போகும்போது, பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு எழுதிக் கொடுக்காமல் போக முடியாது. எந்தப் பாலத்தில் என்ன கோளாறு, எந்த வேலை பாதியில் நிற்கிறது என்று வருகிறவருக்குத் தெரிய வேண்டும். பாட்டுக்கும் அப்படி ஒரு குறிப்பை ஆசிரியரிடம் எழுதி வாங்குங்கள். சுருதி எத்தனை கட்டை, முடித்த பாடங்கள் எவை, பாதியில் நிற்பது எது, எதில் திருத்தம் வேண்டும். ஒரு பக்கம் போதும். பாதியில் நிற்கிற பாட்டை ஆசிரியர் பாடப் பதிவு செய்துகொள்ளுங்கள். சாமான் கட்டும்போது சுருதிப் பெட்டியையும் நோட்டையும் லாரியில் ஏற்றாமல் கைப்பையில் வையுங்கள். புது ஊரில் முதல் வாரமே, ஆசிரியர் கிடைக்காவிட்டாலும், அந்த இருபது நிமிடம் தொடங்கிவிட வேண்டும். ஆறு மாதம் இடைவெளி விட்டால் தொண்டையைவிட மனம்தான் அதிகமாக விட்டுப்போகும்.

2020க்குப் பிறகு வீடியோ வகுப்பு சகஜமாகிவிட்டது. சக்ரதர்பூரில் இருந்தாலும் சென்னையிலிருந்து கற்கலாம். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சத்தம் வந்து சேரச் சற்றுத் தாமதமாகும். ஆகையால் ஆசிரியரும் குழந்தையும் சேர்ந்து பாட முடியாது. அவர் பாட, இவள் திருப்பிப் பாட வேண்டும். சுருதி குழந்தையின் பக்கத்தில்தான் ஒலிக்க வேண்டும். அடுத்து, இந்தச் செயலிகள் ஒரே சீராக ஒலிக்கும் தம்புராவை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

குரல் உடையும் வயதும், பத்தாம் வகுப்பும்

பையன்களுக்குப் பன்னிரண்டு, பதினான்கு வயதில் குரல் உடைகிறது. நேற்றுவரை ஐந்து கட்டையில் பாடியவனுக்கு மேல் ஸ்தாயி கிறீச்சிடும். கூடப் படிக்கிற பெண்கள் முன்னால் அவனுக்கு மானம் போகும். இது ஒரு பருவம். கடந்துவிடும் என்று அவனிடம் சொல்ல வேண்டும். கத்திப் பாட வைக்கக் கூடாது. சுருதியைக் குறைத்து, எட்டுகிற அளவில் மெல்லப் பாடலாம். சிலர் அந்த ஒன்றிரண்டு வருடம் மிருதங்கமோ வயலினோ கற்று, பிறகு பாட்டுக்குத் திரும்புகிறார்கள்.

குரல் வளம் இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் மேலே வந்ததும் உண்டு. செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908–2003) அந்தக் குறையை விடாத சாதகத்தால் வென்று, 1947இல் சங்கீத கலாநிதி ஆனார். எல்லோரும் செம்மங்குடி ஆகப் போவதில்லை. ஆனால் பதின்மூன்று வயதுக் குரலைக் கேட்டு யாரும் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

பொதுத்தேர்வு வருடத்தில் வகுப்பை இரண்டு நாளிலிருந்து ஒன்றாகக் குறையுங்கள். இருபது நிமிடத்தைப் பத்தாகக் குறையுங்கள். பூஜ்யமாக்காதீர்கள். "பரீட்சை முடிஞ்சு பார்த்துக்கலாம்" என்று நிறுத்தியவர்களில், பரீட்சை முடிந்து திரும்பி வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நாம் செய்யக் கூடாதவை

விருந்தாளி முன் பாடச் சொல்லாதீர்கள். குழந்தையே பாடுகிறேன் என்றால், நன்றாகத் தெரிந்த பழைய பாட்டைப் பாடட்டும். பாதியில் திருத்தாதீர்கள், திருத்துவது ஆசிரியர் வேலை. எதிர்வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். "மாசம் எவ்வளவு ஃபீஸ் கட்டறோம் தெரியுமா?" என்று கேட்காதீர்கள். கணக்கில் மார்க் குறைந்ததற்குத் தண்டனையாகப் பாட்டை நிறுத்தாதீர்கள். படுத்தினதற்குத் தண்டனையாக அரை மணி கூடப் பாடவும் சொல்லாதீர்கள். "உனக்கு நல்ல குரல்" என்பதைவிட, "நேற்று தடுக்கின அந்த இடம் இன்னைக்கு வந்துடுச்சே" என்பது நல்ல பாராட்டு. அதைச் சொல்ல நீங்கள் நேற்றும் கேட்டிருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

அப்படியானால் நிறுத்தவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. ஆசிரியர் அடிக்கிறார், எல்லோர் முன்னிலும் கேலி செய்கிறார் என்றால் அன்றே நிறுத்துங்கள். வேறு ஆசிரியரைப் பாருங்கள். மற்றபடி, அழுத அன்று முடிவெடுக்க வேண்டாம். "இந்தப் பாடம் முடியட்டும், கோடை லீவுக்குப் பிறகு உட்கார்ந்து பேசலாம்" என்று ஒரு தேதி வையுங்கள். அந்தத் தேதியில் உண்மையாகவே பேசுங்கள். அப்போதும் குழந்தை வேண்டாம் என்றால், வீணையா, கீபோர்டா, பரதமா என்று கேளுங்கள். எதுவும் வேண்டாம் என்றால் மரியாதையாக விட்டுவிடுங்கள். நோட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். முப்பது வயதில் திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

நம் சங்கமும் ஒன்று செய்யலாம். வருடத்துக்கு ஒரு போட்டி வைத்து மூன்று பேருக்குக் கப் கொடுக்கிறோம். மற்ற பதினைந்து பேர் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அதற்குப் பதில் மாதத்தில் ஒரு ஞாயிறு, ஹாலில் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து கோஷ்டியாகப் பாடலாம். சரளி பாடுகிறவள் வர்ணம் பாடுகிறவளின் பக்கத்தில் உட்காரட்டும். தன் குரல் தனியாகக் கேட்காது என்கிற தைரியத்தில் பாடப் பழகுகிற குழந்தைகள் நிறைய. கமிட்டி நண்பர்கள் யோசிக்க வேண்டும். ஜமக்காளம் விரிக்க நான் வருகிறேன்.

பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. தினமும் மாலை ஏழு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவேன். சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் பாட ஆரம்பிப்பாள். நான் இந்தப் பக்கம் தாளம் மட்டும் போடுவேன். அவளுக்குக் கேட்காமலிருக்க என் மைக்கை அணைத்துவிடுவேன். சென்ற மாதம் அவளுக்கு வர்ணம் தொடங்கியிருக்கிறது. மோகனம்தான். அவள் இரண்டாம் காலத்தில் தடுக்குகிறபோது, சில நாள் சமையலறையிலிருந்து இன்னொரு குரல் அந்த வரியை எடுத்துக் கொடுக்கிறது. முழுசாகத் தப்பில்லாமல் வருகிறது.

நான் ஒன்றும் சொல்வதில்லை. மைக் அணைத்தபடியேதான் இருக்கிறது.